மீதி அரை பாட்டில்

திருக்குறளின் மூன்று அதிகாரங்களை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், ஒரே பானையில் மீறியிருக்கிறேன். புலால் மறுத்தல், கொல்லாமை, கள்ளுண்ணாமை. பானை, எங்கள் வீட்டு இட்லிப் பானை. நண்டைப் பியர் ஆவியில் அவித்தேன். வகுப்பில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் எழுந்து, "கள்ளுண்ணாமைய நீங்க எப்படி மேடம் மீறினீங்க? நண்டுதானே குடிச்சுது?" என்று கேட்டாள்.

நல்ல கேள்வி. ஆனால் அன்றைக்கு அவளுக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். 650 மில்லி பாட்டிலில் பாதிதான் பானைக்குப் போயிற்று. மீதியை இரவில் நான் குடிப்பதற்காகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தேன். அதை வகுப்பில் சொல்லக் கூச்சமாக இருந்தது. சங்கக் கவிதையில் கள் வரும்போது கூசாமல் நடத்துகிறவள் நான். அந்தக் கூச்சத்திலிருந்தே தொடங்குகிறேன்.

செய்முறை என்னுடையது இல்லை. ஆய்வுப் படிப்பின்போது விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த தோழி இப்போது அமெரிக்காவில், மேரிலாண்டில் இருக்கிறாள். செஸபீக் விரிகுடாவை ஒட்டிய ஊர். அங்கே கோடை என்றால் நண்டு. பெரிய பாத்திரத்தின் அடியில் பியரும் வினிகரும் சம அளவு ஊற்றி, மேல் தட்டில் உயிருள்ள நீல நண்டுகளை அடுக்கி, மிளகு, மிளகாய்ப்பொடி, செலரி உப்பு எல்லாம் கலந்த பொடியை அள்ளித் தூவி, இருபது இருபத்தைந்து நிமிடம் ஆவியில் வேகவைப்பார்களாம். மேசைமேல் பழைய செய்தித்தாளை விரித்து, மரச் சுத்தியால் ஓட்டைத் தட்டித் தின்பார்களாம். "இட்லிப் பானை இருக்குல்ல, அது போதும்டி" என்றாள். பியரின் கசப்பு நண்டில் ஏறாது, ஒரு மாவு வாசம் மட்டும் நிற்கும் என்றாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

அந்த நீல நண்டுக்கு 1896இல் இன்றைய அறிவியல் பெயரைக் கொடுத்தவர் ஒரு பெண், மேரி ஜேன் ராத்பன். காலினெக்டஸ் சாப்பிடஸ். முதல் சொல், அழகாக நீந்துவது. அவர் சேர்த்த இரண்டாம் சொல், சுவையானது. கல்லூரி வாசலை மிதிக்காதவர். ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புதிய உயிரினங்களை விவரித்து எழுதினார். துறைக்கு ஓர் உதவியாளரை நியமிக்கப் பணமில்லை என்றானபோது, 1914இல் தம் பதவியை விட்டு விலகித் தம் சம்பளத்தை அந்த உதவியாளருக்குப் போகும்படி செய்தார். பிறகு பல ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் அதே வேலை. உதவியாளர் ஆண் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இதைத் தியாகம் என்று எழுதுகிறார்கள். எனக்குப் படிக்கும்போது எரிச்சல்தான் முதலில் வந்தது, மரியாதை பிறகு.

புதுச்சேரியில் பியர் வாங்குவது பெரிய காரியமில்லை, ஆணாக இருந்தால். நான் போனபோது கடைக்காரர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கேட்காமலே கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். மருந்துக் கடையில் நாப்கினை எந்தக் கவரில் போட்டுத் தருவார்களோ அதே கவர்.

நண்டு, பெரிய மார்க்கெட்டில் வாங்கியது. நைலான் கயிற்றால் காலைக் கட்டிய சேற்று நண்டு நான்கு. "கட்ட அவுக்காம போடுமா, புடிச்சா வெரல் போயிடும்" என்று எச்சரித்துக் கொடுத்தார் மீன்காரம்மா.

அந்த வாரம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். காலையில் பால் எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"பால் பக்கத்துல இத வெச்சிருக்கியே. இது குடும்பம் நடத்துற வீடாடி?"

"நண்டுக்கும்மா."

"நண்டு கேட்டுச்சா?"

பாத்திரம் துலக்கும் தொட்டியில் நண்டுகள் எவர்சில்வரைச் சுரண்டிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் எனக்குப் பல் கூசியது. அம்மாவுக்கு அது ஒரு சத்தமாகவே கேட்கவில்லை. பியர் பாட்டிலுக்கு அரை மணி நேரம் புலம்பியவள், "இங்க குடு, அஞ்சு நிமிஷ வேலை" என்று ஒரு நண்டைப் பின்பக்கமாகப் பிடித்துத் தூக்கினாள். புரட்டி வயிற்று மடலைப் பார்த்து, "பொட்டதான், சினை இருக்கும்" என்றாள். உயிரோடு ஓட்டைப் பிய்ப்பதுதான் அவள் அறிந்த முறை. நான் தடுத்தேன். முதலில் ஐஸ் தண்ணீரில் அரை மணி நேரம் போட வேண்டும், மரத்துப் போன பிறகு கூரான கம்பியால் வயிற்று மடலுக்கு அடியிலும் கண்களுக்கு நடுவிலும் குத்த வேண்டும், அப்போதுதான் நரம்பு முடிச்சுகள் இரண்டும் உடனே சேதமாகும் என்றேன். அம்மா சிரித்துவிட்டாள்.

"செத்துப் போறதுக்கு எதுக்குடி ஐஸு?"

இந்தச் சிரிப்பைக் கொடுமை என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். என் அம்மா பிச்சாவரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரி. இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, நீரில் குனிந்து, கையால் சேற்றைத் துழாவி நண்டும் இறாலும் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவள். அவர்களை வாசலிலேயே நிறுத்தி வாங்கிய வீடு அவளுடையது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்குச் சளி பிடித்தால் அம்மா நண்டுக் கால்களை உரலில் இடித்துச் சாறெடுத்து ரசம் வைப்பாள். பிள்ளை பெற்று வந்தபோதும் வைத்தாள். ஒவ்வொரு முறையும் அவள் கையில் ஓர் உயிர் போயிற்று. அதற்காக அவளிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. மனசாட்சி என்ற ஒன்று அவளுக்கு இருக்கிறதா, அது எந்தப் பக்கம் பேசுகிறது என்று நானும் கேட்டதில்லை.

அப்பா வேறு. நண்டு வீட்டுக்கு வந்ததுமே செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். ஓடு பிய்க்கும் சத்தம் காதில் விழுந்தால் தெருமுனை வரை நடப்பார். "உங்கப்பாவுக்கு இளகின மனசு" என்பாள் அம்மா, பெருமையோடு. சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து உட்கார்ந்து, நண்டுக் குழம்பில் உப்பு ஒரு கல் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் அந்த இளகின மனசுக்காரர்.

அவருடைய இரக்கம் பொய்யில்லை. உண்மையாகவே தாங்க மாட்டார். ஆனால் அந்த இரக்கம் கெடாமல் இருக்க வேண்டுமானால் உள்ளே ஒருத்தி கை அழுக்காகிக்கொண்டிருக்க வேண்டும். குடும்பத்தில் அறவுணர்ச்சி உள்ளவர் என்ற பெயர் திண்ணையில் இருந்தவருக்குப் போயிற்று. கொன்றவளுக்கு நல்ல பெயரும் இல்லை, கெட்ட பெயரும் இல்லை. சமையல் என்று பெயர். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. கொலைகாரி என்று பழித்திருந்தால்கூட, செய்ததை அறிந்து செய்த ஓர் ஆளாக அவளை எண்ணியதாக ஆகியிருக்கும்.

வள்ளுவர் என் அப்பாவைச் சும்மா விடமாட்டார். தின்பதற்காக உலகம் கொல்லாவிட்டால் விலைக்கு ஊன் தருபவர் எவரும் இருக்கமாட்டார் என்று புலால் மறுத்தலில் வாதிடுகிறார். நான் கொல்லவில்லை, வாங்கித்தானே தின்கிறேன் என்ற சாக்குக்கு அது பதில். ஆனால் வள்ளுவர் பார்ப்பது சந்தையை. அடுக்களையை அவர் அந்த இடத்தில் பார்க்கவில்லை. அங்கே தின்பவருக்கும் கொல்பவருக்கும் நடுவில் காசு இல்லை, தாலி இருக்கிறது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் அவர் துறவறவியலில் வைத்தார். இல்லறவியலில் வைத்திருந்தால் எத்தனை வீடுகளில் அடுப்பு எரிந்திருக்கும்?

பெண்ணியம் படிக்கும் மாணவிகள் இந்த இடத்தில் கரோல் ஆடம்ஸை நினைப்பார்கள். 1990இல் வந்த அவருடைய 'இறைச்சியின் பாலியல் அரசியல்' என்ற நூலின் மையமான கருத்து, தட்டில் இருக்கும் இறைச்சியில் விலங்கு காணாமல் போகிறது என்பது. பெண்ணுடலைத் துண்டு துண்டாகப் பார்க்கும் பார்வையும் அப்படித்தான் வேலை செய்கிறது என்கிறார். அந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். ஆனாலும் நம் அடுக்களைக்கு அது அப்படியே பொருந்தவில்லை. நெகிழிக் காகிதம் சுற்றி விற்கும் இறைச்சியில் விலங்கு மறையலாம். எங்கள் வீட்டில் நண்டு மறையவில்லை. தொட்டியில் சுரண்டிக்கொண்டு, தப்பி ஓடி கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, எல்லோரும் பார்க்கத்தான் இருந்தது. மறைந்தவள் அதைக் கொன்றவள். இன்னொரு தயக்கமும் உண்டு. இறைச்சியை விடுவது பெண்ணிய அறம் என்று இந்த மண்ணில் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. கொல்லாத கை தூய கை என்று சொல்லிக்கொண்டு, கொல்வதையும் உரிப்பதையும் அள்ளுவதையும் இன்னொரு சாதியின் கையில் கொடுத்துவைத்த ஊர் இது. என் அப்பாவின் திண்ணை அந்தப் பெரிய திண்ணையின் ஒரு மூலை.

இனி நண்டின் பக்கம். நண்டுக்கு வலிக்குமா என்பது வெகுகாலம் கிண்டலான கேள்வியாக இருந்தது. பெல்ஃபாஸ்டின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட்டும் அவருடன் வேலை செய்தவர்களும் அதைச் சோதனையாக மாற்றினார்கள். கரை நண்டுகளுக்கு இரண்டு இருட்டு மறைவிடங்கள் கொடுத்தார்கள். ஒன்றில் நுழைந்தால் மின்னதிர்ச்சி. இருட்டை விரும்பும் அந்த நண்டுகள் சில சுற்றுகளிலேயே அதிர்ச்சி தந்த இடத்தைத் தவிர்க்கக் கற்றுக்கொண்டன. துறவி நண்டுகளிடம் செய்த சோதனை இன்னும் மனத்தைத் தொடுவது. அதிர்ச்சி பட்டால் அவை தாம் குடியிருக்கும் சங்கை விட்டு வெளியேறும். ஆனால் சங்கு நல்ல சங்காக இருந்தால் எளிதில் வெளியேறுவதில்லை, பொறுத்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்வதற்கும் வெளியேறுவதற்கும் நடுவில் அங்கே ஏதோ ஒரு கணக்கு நடக்கிறது. நல்ல வீடு என்பதற்காகப் பொறுத்துக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும், அதனால்தானோ என்னவோ இந்தச் சோதனையை மறக்க முடியவில்லை.

2018இல் ஸ்விட்சர்லாந்து, உயிருள்ள சிங்கி இறாலை அப்படியே கொதிநீரில் போடுவதைத் தடை செய்தது. 2021இல் லண்டன் பொருளியல் கல்லூரியில் ஜொனாதன் பிர்ச் தலைமையில் ஒரு குழு, இருக்கும் ஆய்வுகளை எல்லாம் தொகுத்து, நண்டு, இறால், கணவாய் வகைகளுக்கு உணர்ச்சி உண்டு என்று கொள்ளப் போதிய சான்று இருப்பதாக அறிக்கை தந்தது. 2022இல் பிரிட்டன் தன் விலங்கு நலச் சட்டத்தில் அவற்றைச் சேர்த்துக்கொண்டது.

"அப்போ சிப்பி செய்யேன். பெல்ஜியத்துல பியர்ல சிப்பிதான் செய்வாங்க, அதுக்கு மூளையே கிடையாது" என்றாள் தோழி. பீட்டர் சிங்கரும் 1975இல் கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் நடுவில் எங்கோ போடலாம் என்றுதான் எழுதினார். பிறகு அவரே தயங்கினார். சிப்பி செய்யலாம்தான். ஆனால் எனக்கு நண்டின்மேல்தான் ஆசை. ஆசை இல்லாத இடத்தில் ஒழுங்காக நடந்துகொள்வதை என் கணக்கில் வரவு வைக்க முடியாது.

ஆகவே ஐஸ். நாற்பது நிமிடம் வைத்தேன். கால்கள் அசைவு நின்ற பிறகு கம்பியை எடுத்தேன். கணவர் சரியாக அந்த நேரத்தில், ஃபோன் வந்துவிட்டது என்று மாடிக்குப் போனார். முதல் நண்டுக்கு என் கை நடுங்கி இடம் தவறியது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. மற்ற மூன்றும் சரியாக அமைந்தன. அம்மா பக்கத்தில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி நண்டுக்கு மட்டும், மடலை விரலால் தூக்கி எனக்கு இடம் காட்டினாள்.

பியரை ஊற்றும்போதுதான் மறுபடி முகம் திருப்பினாள். நான் என் கல்வியைக் கொண்டு அவளை மடக்கப் பார்த்தேன். ஔவை குடித்தவள்தானே என்றேன். அதியமான் இறந்த பிறகு பாடிய புறநானூற்றுக் கையறுநிலையில் அவனோடு கள்ளைப் பகிர்ந்ததைத்தான் முதலில் நினைக்கிறாள் என்றேன். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பெண்கள் மது அருந்துகிறார்கள் என்றேன். "எனக்குத் தெரிஞ்ச ஔவையாரு கே.பி. சுந்தராம்பாள்தான்" என்று முடித்துவிட்டாள் அம்மா. 1953இல் வந்த அந்தப் படம், பாடநூல்களில் நெல்லிக்கனி மட்டும் வாங்கிக்கொள்ளும் ஔவை, நல்வழி எழுதிய வேறொரு காலத்து ஔவை எல்லாம் சேர்ந்து ஒரே கிழவி ஆகிவிட்டார்கள். நல்வழி ஔவைக்கும் நண்டைத் தெரியும்: நண்டும் சிப்பியும் மூங்கிலும் வாழையும் அழியும் காலத்தில்தான் கருவைத் தரும் என்கிறார். மூங்கிலுக்கும் வாழைக்கும் அது சரி. சேற்று நண்டு அப்படிச் சாவதில்லை. கடலுக்குப் போய்க் குஞ்சு பொரித்த பிறகும் பிழைத்து மறுபடி சினைப்படும். தாய்மை என்றால் சாவு என்று நண்டின் தலையிலும் எழுதிவிட்டோம்.

நண்டு நன்றாக வந்தது. செலரி உப்புக்குப் பதில் கல்லுப்பும் மிளகும் கொஞ்சம் கடுகுப் பொடியும் போட்டிருந்தேன். செய்தித்தாளை விரித்து, மரச் சுத்திக்குப் பதில் குழவிக் கல்லால் தட்டினோம். கணவர் இரண்டு சாப்பிட்டு, பிரமாதம் என்றார். அம்மா தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள். பிறகு எனக்கு மட்டும் காலை உடைத்துச் சதையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள். சினை நண்டு யார் தட்டுக்கு என்று கேட்காமலே என் தட்டுக்கு வந்தது.

அன்றிரவு எனக்கு அசதி. குடிக்கவில்லை. பானையைத் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். திங்கட்கிழமை மாலை கல்லூரியிலிருந்து வந்து குளிர்பெட்டியைத் திறந்தால் பாட்டில் இல்லை. கழுவிக் கவிழ்த்து, பின்கட்டுச் சுவரோரம் வைத்திருந்தது. வீட்டு வேலைக்கு வரும் அக்கா அடுக்களை வாசலில் நின்றார்.

"ஊத்திட்டேன் டீச்சர்மா. கேக்காம செஞ்சது தப்புதான்."

முதலில் எனக்கு வந்தது கோபம். என் வீடு, என் சம்பளம், அம்மாவிடம் சண்டை போட்டுக் காப்பாற்றிய பாட்டில். அவர் மேலும் சொன்னார். காலையில் பானை கழுவும்போதே அந்த வாடை வந்தது. புளி போட்டு இரண்டு முறை தேய்த்தும் போகவில்லை. பிறகு குளிர்பெட்டியைத் திறந்தால் அதே வாடை. "எங்க வூட்டுக்காரரு போயி ஏழு வருசம் ஆச்சு. இந்த வாடை வந்தா இன்னும் வவுறு கலங்குது. எப்ப கை ஓங்குவாரோன்னு ஒரு பயம். செத்த ஆளுக்கு யாராச்சும் பயப்படுவாங்களா, சொல்லுங்க."

அவரிடம் ஔவையைச் சொல்ல முடியவில்லை. பட்டினப்பாலையைச் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிறுபாணாற்றுப்படைதான் நினைவுக்கு வந்தது. எயிற்பட்டினத்தில் முதிர்ந்த தேறலை வடிகட்டுபவள் நுளையர் பெண். அதைக் குடிப்பவர்கள் பரதவர். எத்தனையோ முறை நடத்திய பகுதி. விருந்தோம்பல், நெய்தல் நில வளம் என்றுதான் குறிப்புக் கொடுத்திருக்கிறேன். அரித்தவள் குடித்தாளா என்று கேட்கத் தோன்றியதில்லை.

அம்மாவின் புலம்பலையும் நான் ஆசாரம் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவைப் பெற்ற தாத்தா சாராயத்தில் செத்தவர் என்பது எனக்குத் தெரியும்தான். ஆனால் தெரிந்ததை அந்த ஞாயிற்றுக்கிழமை நினைத்துப் பார்க்கவில்லை. பால் பக்கத்தில் வைத்தாயே என்று அவள் சொன்னபோது எந்தப் பாலை, எந்த வருடத்துப் பாலை நினைத்தாளோ.

பெண் குடிப்பதற்கான உரிமையைப் பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். மறுபடியும் பேசுவேன், அந்தக் கறுப்புக் கவரோடு எனக்குச் சமாதானம் இல்லை. 1990களின் தொடக்கத்தில் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்குப் போன பெண்கள் சாராயக் கடையை மூடவைத்ததையும், அது ஆந்திரம் முழுக்கப் பரவி 1995இல் முழு மதுவிலக்கு வரை போனதையும் அதே குரலில் பேசியிருக்கிறேன். இரண்டும் ஒரே கூட்டத்தில் பேசக்கூடியவைதான், மேடையில். என் அடுக்களையில் இரண்டுக்கும் நடுவில் ஒரு பானை இருந்தது. அதைக் கழுவாமல் தூங்கியவள் நான். அந்தப் பானையைப் பொறுத்தவரை நான் திண்ணையில் இருந்தேன், செய்தித்தாளோடு.

தோழியிடம் இதைச் சொன்னபோது மேரிலாண்டுக் கதை ஒன்றைச் சொன்னாள். தட்டி உடைத்துத் தின்பது விருந்துக்கு. மற்றபடி டப்பாவில் வரும் நண்டுச் சதையை ஓட்டிலிருந்து பிரித்தெடுப்பவர்கள் பெண்கள். முன்பு பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். கிரிஸ்ஃபீல்டு என்ற ஊரில் 1938இல் அவர்கள் கூலிக்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். இப்போது மெக்சிகோவிலிருந்து பருவகால விசாவில் பெண்கள் வருகிறார்கள். நம் பாக் நீரிணைப் பக்கமும் ஏற்றுமதிக்கு நண்டுச் சதை பிரிக்கும் கூடங்களில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். ஓடு கிழித்த விரலும் உப்பும். என் தட்டில் அம்மா எடுத்துவைத்த சதைகூட அந்த வேலைதான், கூலி இல்லாமல்.

இரண்டு மாதம் கழித்து மறுபடி நண்டு வாங்கினேன். கம்பியைக் கணவரிடம் கொடுத்தேன். ஒரு நண்டுக்கு மேல் அவரால் முடியவில்லை. "நீயே செஞ்சிடேன், உனக்குப் பழக்கம்" என்றார். எனக்கும் அது இரண்டாவது முறைதான் என்று நினைவூட்டினேன். நெடுநேரம் நின்றுவிட்டு இரண்டாவதையும் செய்தார். அன்று மதியம் அவர் ரசம் சோறு மட்டும் சாப்பிட்டார். அம்மா ஃபோனில் கேட்டுவிட்டு, "பாவம்" என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

பியர் வாங்குவதற்கு முன்னால் அக்காவிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வாங்குங்க டீச்சர்மா, உங்க வூடு. பானைய நான் கழுவ மாட்டேன். பாட்டிலையும் தொட மாட்டேன்."

330 மில்லி சின்ன பாட்டில் வாங்கினேன். அதிலும் கால் பங்கை எனக்கென்று நிறுத்திக்கொண்டேன். மாடியில் உட்கார்ந்து குடித்தேன், நன்றாக இருந்தது. பானையை நானே புளி போட்டுத் தேய்த்தேன். அக்கா சொன்னது உண்மை, வாடை சீக்கிரம் போகவில்லை. மறுநாள் பாட்டிலைக் கவர் எதுவும் இல்லாமல் கையில் எடுத்துக்கொண்டு, தெருக்கோடியில் இருக்கும் பழைய பேப்பர் கடைக்கு நடந்தேன். கடைக்காரர் பாட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எங்க பொண்ணு உங்க காலேஜ்தான் மேடம், ரெண்டாவது வருஷம்."

"என்ன படிக்கறா?"

"தமிழ்தான்" என்றார். பாட்டிலை வாங்கிச் சாக்கில் போட்டுவிட்டு, இரண்டு ரூபாய் நாணயத்தை என் கையில் வைத்தார்.